மகன் கட்டிய லைப்ரரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதியும் கூடிக்கொண்டே போகிறது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சிபுரத்தில் எங்கள் ஊட்டில், மாட்டுக்கொட்டாயை ஒட்டின அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. என் மகன் சாமான்களைத் தனித்தனியாக வாங்கி வந்து அவனே பூட்டியது. மருமகளுக்காகத்தான் பூட்டினான். அவள் பக்கத்துச் சித்தூர் காலேஜில் தற்காலிக வேலையில் பாடம் எடுக்கிறாள். நம் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எப்படி ஏறி இறங்குகிறது என்று கணக்குப் போட்டு ஆராய்ச்சியும் செய்கிறாள். கணக்கென்றால் கட்டம் கட்டமாக எண்கள். ஒரு பெரிய கட்டத்தை இன்னொரு பெரிய கட்டத்தால் பெருக்க வேண்டுமாம்.

அவள் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவாள். பெருக்குகிற வேலையை அதற்கு அடியில் ஒரு லைப்ரரி செய்யும். புத்தகம் அடுக்கின லைப்ரரி இல்லை. கணக்கைச் சுருக்கமாக முடிக்கிற வழிகளை மெஷினுக்குப் புரிகிற மாதிரி சேர்த்து வைத்த கட்டு. மகன் அதை அந்த மெஷினுக்கென்றே அங்கேயே உட்கார்ந்து கட்டினான். கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடியது. நான் போய்ப் பால் கறந்துவிட்டு வந்தேன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அவன் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு பொள்ளாச்சி ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டான். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அடுத்த மழைக் காலத்தில் இடி இறங்கி கம்ப்யூட்டரின் போர்டு கருகிவிட்டது. மருமகள் புது போர்டும், கணக்குப் போடுகிற புது சிப்பும் போட்டு வாங்கி வந்தாள். ஹார்ட் டிஸ்க் தப்பித்ததால் அவன் செய்து வைத்தது எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் மெஷின் புதிதானாலும் கணக்கு பழையபடிதான் நகர்ந்தது. காரணம் கேட்டேன். அவன் பழைய சிப்புக்கென்று கட்டியதாம், புது சிப்புக்கு என்ன தெம்பு இருக்கிறது என்று அந்த லைப்ரரிக்குத் தெரியாதாம்.

அவளுக்கு ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் அந்த மாதத்தோடு முடிவதாக இருந்தது. அவளுக்கு வழிகாட்டுகிற டீச்சரம்மா இனி நீட்டித் தர முடியாது என்று சொல்லிவிட்டார். கணக்கு முடியாவிட்டால் இத்தனை வருசம் பஸ் ஏறி இறங்கினது வீண். அறையில் கம்ப்யூட்டரின் ஃபேன் ராப்பகலாக இரைந்துகொண்டே இருந்தது. பால் சொசைட்டியில் வரிசையில் நின்றபோது பக்கத்து ஊட்டுக்காரி கேட்டாள்.

"ஏனுங்கக்கா, உங்கூட்டு ரூமுக்குள்ள எந்நேரமும் ஒண்ணு இரைஞ்சுட்டே கெடக்குதே, அதுக்கும் பருத்திக்கொட்டை வெக்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

காலேஜில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் போனில் வழி சொன்னார். டிஸ்க்கை முழுக்க அழித்து, கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸைப் புதிதாகப் போட்டு, எந்தச் சிப்புக்கும் தானே ஒத்துப்போகிற ஓப்பன்பிளாஸ் லைப்ரரியை இறக்கிக்கொள்ளச் சொன்னார். மருமகள் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டாள். மறுநாளும் அதைத் தொடவில்லை. அதற்கு அடுத்த நாளும் தொடவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். அவன் கட்டியது அந்த டிஸ்க்கில் அவன் பேரிட்ட இடத்தில் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அவன் பைக்கில் எழுதியிருந்ததால் அந்தப் பேரின் எழுத்துகள் எப்படி இருக்கும் என்று தெரியும். கணக்கைத் தொடங்குகிறபோதெல்லாம் திரையில் அது ஒருமுறை வரும். அதைப் பார்க்கத்தான் நான் டீயை எடுத்துக்கொண்டு அந்த நேரத்துக்குப் போவேன். அவளும் அதைக் கண்டுவைத்திருந்தாள்.

ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு நேராக அறைக்குள் போய் நின்றேன்.

"அழிச்சுரு அம்மிணி. உன்ற வேலை நடக்கோணும்னுதான அவன் கட்டுனான்."

அவள் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள். "அழிக்காமயே முடியுதான்னு ஒருக்கா பாத்துக்கறனுங்கத்தை" என்றாள்.

அன்று முழுக்கப் படித்தாள். புதுசு வந்தால் பழசு போக வேண்டியதில்லையாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது வேலை செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொன்னால் போதுமாம். பாஸ்வேர்டு கேட்டது. அடிக்கும்போது திரையில் ஒன்றுமே விழாது. அது அவன் வைத்த பாஸ்வேர்டு, அவள் மாற்றவே இல்லை. புது லைப்ரரி இறங்கி முடிந்ததும் திரையில் சில வரிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அவன் பேர் இருந்த வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. இப்போது வேலை செய்வது அதுதான் என்று அர்த்தமாம்.

"நீங்களே அமுத்துங்கத்தை" என்று புது லைப்ரரியின் எண்ணைக் காட்டினாள்.

மெதுவாக அமுத்தினேன். விழவில்லையோ என்று மறுபடியும் அமுத்தப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். லைப்ரரியின் இன்னொரு பகுதிக்கும் அதே மாதிரி கேட்டது, அதையும் அமுத்தினேன். பிறகு அந்த வரிகளை மறுபடி வரவழைத்துக் காட்டினாள். நட்சத்திரம் இடம் மாறியிருந்தது. அவன் வரி அதே இடத்தில் இருந்தது, முன்னால் குறி மட்டும் இல்லை.

அவன் லைப்ரரியில் முன்னே போட்ட சின்னக் கணக்கு ஒன்றைப் புதிதிலும் போட்டுப் பார்த்தாள். ஒத்து வந்தது, கடைசி இலக்கம் மட்டும் கொஞ்சம் விலகியது. தப்பா என்று பயந்து கேட்டேன். கூட்டுகிற வரிசை மாறினால் அந்த அளவு மாறும், இரண்டும் சரிதான் என்றாள். பெரிய கணக்கு அந்த மாதத்துக்குள் முடிந்தது. அவள் காகிதங்களைக் கட்டிக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினாள்.

இப்போது கணக்கு தொடங்கும்போது அவன் பேர் வருவதில்லை. டீயை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

நான் அமுத்தியது எந்த எண் என்று மறந்துவிட்டது. சிப்பைப் பற்றியும் ஏதாவது தப்பாக எழுதியிருப்பேன். மருமகள் இதைப் பார்த்துத் திருத்தட்டும். அப்படியே அந்த வரிகளையும் ஒருக்கா வரவழைத்து, அவன் பேர் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும்.