அண்ணியின் அட்டைப்படம்

அலுவலகத்தில் அவளுக்கு இஸ்திரி என்று பெயர். படங்களில் இருப்பவர்களின் முகச் சுருக்கத்தைத் தேய்த்து எடுக்கிறவள் என்பதால் யாரோ கிண்டலாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. பெண்கள் இதழ், சினிமா இதழ், ராசிபலன் இதழ் என்று நாலைந்து பத்திரிகைகள் நடத்தும் நிறுவனம் அது. எந்தப் படம் வந்தாலும் அவளுடைய கணினி வழியாகத்தான் அச்சுக்குப் போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் படத்தில் விழுந்த தூசியைத் துடைத்தாள். பிறகு பருக்களைத் துடைத்தாள். அப்புறம் கருவளையம், கழுத்து மடிப்பு, கடைசியில் இடுப்பு. தூசி எங்கே முடிந்தது, உடம்பு எங்கே தொடங்கியது என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்க யாரும் விட்டதுமில்லை. ஒரு பெண்ணின் உடம்பை அவளைக் கேட்காமல் வெட்டிக் குறைப்பதற்கு அந்தக் கட்டடத்தில் வைத்த பெயர் 'சுத்தம் செய்வது'. 'இஸ்திரி, இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிடு' என்பார்கள். அவள் கை பண்ணிவிடும்.

உடல் இளைக்க ஒரு பவுடர் விற்பவர்கள் விளம்பரம் கொடுத்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் அனுப்பியது ஒரே படம், மெலிந்த பெண் ஒருத்தியுடையது. அவளையே கணினியில் ஊதிப் பெரிதாக்கி, பக்கத்தில் ஒட்டி, கீழே 'முன்பு', 'பின்பு' என்று போட வேண்டும். வாழ்நாளில் ஒருநாளும் குண்டாக இருந்திராத அந்தப் பெண்ணுக்கு இரட்டை நாடி வரைந்துவிட்டு இஸ்திரி வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அவளும் அண்ணியும்தான். அண்ணன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பான். அண்ணிக்குப் பார்சல் கிடங்கில் வேலை. வண்டியிலிருந்து இறங்கும் பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டும். நல்ல அகலமான ஆள். கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும். அந்த அண்ணி ஒரு மத்தியானம் பெட்டிகளுக்கு நடுவே மயங்கி விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. இஸ்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பல வாரங்களாகச் சரியாகச் சாப்பிடாமல் ஏதோ பவுடரைக் கரைத்துக் குடித்து வந்திருக்கிறாள் என்று நர்ஸ் கத்தினாள். அண்ணி வெட்கத்தோடு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினாள். பத்திரிகையிலிருந்து கிழித்தது.

"இந்தப் பொண்ணு எப்படி இருந்து எப்படி ஆயிட்டா பாரு. எனக்கு மட்டும் ஏன் குறைய மாட்டேங்குது?"

அது இஸ்திரி தயாரித்த 'முன்பு', 'பின்பு' விளம்பரம். தன் கைவேலையைத் தன் வீட்டு ஆளே நம்பிப் பட்டினி கிடப்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"அண்ணி, அப்படி ஒரு குண்டுப் பொண்ணே கிடையாது. நான் வரைஞ்சது."

அண்ணி அந்தப் பக்கத்தைக் கசக்கி எறிந்தாள். பிறகு, "அப்ப எனக்குச் சாப்பிட ஏதாவது வாங்கிட்டு வா" என்றாள்.

புதிய பத்திரிகை யோசனை அந்தப் படுக்கையருகே பிறந்தது. பெயர் 'உள்ளபடி'. உடற்பயிற்சிக்கான இதழ், ஆனால் வயிறு கட்டம் கட்டமாகத் தெரிகிறவர்களுக்கு இல்லை. நாள் முழுக்க நிற்கிறவர்களின் முழங்காலுக்கு, வண்டி ஓட்டுகிறவர்களின் முதுகுக்கு, சுமை தூக்குகிறவர்களின் தோளுக்கு. ஒரே ஒரு சட்டம்: எந்தப் படத்திலும் எவர் உடம்பையும் தொடக்கூடாது. முதல் அட்டைக்கு அண்ணியையே கேட்டாள். அண்ணி லேசில் சம்மதிக்கவில்லை. "இருக்கிறது இருக்கிறபடி வரணும். ஒரு மடிப்பைத் தொட்டேன்னு தெரிஞ்சுது, அப்புறம் என் முகத்துல முழிக்காதே" என்று சொல்லிவிட்டுத்தான், பெரிய பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றாள்.

ஆண்டுக்கு ஒருமுறை பத்திரிகை விற்பனை முகவர்களையெல்லாம் கூட்டி வைத்து, ஊழியர்கள் தங்கள் புதிய யோசனைகளைச் சொல்லலாம் என்று நிறுவனத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. பிடித்திருந்தால் முதலாளி அங்கேயே தலையாட்டிவிடுவார். இஸ்திரி மேடையேறியபோது அண்ணி கிடங்குச் சீருடையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அரைநாள் விடுப்பு போட்டிருந்தாள்.

இஸ்திரி தன் யோசனையை விளக்கினாள். பவுடர் விளம்பரம் எப்படித் தயாரானது என்பதைக்கூட மறைக்காமல் சொன்னாள். விளம்பர மேலாளர் இருமினார். கடைசியில் திரையில் அட்டைப்படத்தைப் போட்டுவிட்டு, சபையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கைதட்டினார்கள்.

கேள்விகள் வந்தன. ராசிபலன் இதழை அதிகம் விற்கும் முகவர் ஒருவர், ராசிவாரியாக உடற்பயிற்சி போட்டால் நன்றாக ஓடுமே என்றார். துலாம் ராசிக்காரருக்கும் முழங்கால் இரண்டுதான் இருக்கிறது என்றாள். அரங்கம் சிரித்தது. பவுடர்காரர்கள் கோபித்துக்கொண்டால் விளம்பரத்துக்கு எங்கே போவது என்று விளம்பர மேலாளர் கேட்டார். செருப்பு விற்கிறவர்களிடம் போகலாம், நிற்கிறவர்களுக்கு அதுதான் தேவை என்றாள். முதலாளிகூடப் புன்னகைத்தார். காரியம் கைகூடிவிட்டது போலத்தான் இருந்தது.

அப்போது ஒரு பெண் முகவர் எழுந்து, அட்டையில் இருப்பவர் எந்த ஜிம்முக்குப் போகிறார் என்று கேட்டார்.

"ஜிம்முக்கெல்லாம் போகலைங்க. பார்சல் கிடங்குல வேலை. படத்துல எதையும் தொடலை. நம்பலைன்னா நீங்களே பாருங்க, கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க. என் அண்ணி."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. பிறகு திரைக்குத் திரும்பின. மறுபடி பின்னால் திரும்பின. முணுமுணுப்பு எழுந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அண்ணி எழுந்தாள். ஒலிவாங்கிக்காகக் காத்திருக்கவில்லை.

"என் கை எங்க?"

இஸ்திரிக்குப் புரியவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தாள். பெட்டியை அணைத்திருந்த கைகள் மெலிந்து, வழவழவென்று, எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய கைகளாக இருந்தன. இடுப்பு உள்ளே போயிருந்தது. நாடிக்குக் கீழே இருந்த மடிப்பைக் காணோம். யார் இந்த வேலையைச் செய்தது என்று ஒரு கணம் கொதித்தாள். அடுத்த கணம் முழங்கை அருகே விழுந்திருந்த நிழலைப் பார்த்தாள். நிழலை அப்படி இழைத்துவிடும் பழக்கம் அந்த அலுவலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு.

கிடங்கு விளக்கின் பச்சை நிறத்தைப் போக்கத்தான் அந்தப் படத்தைத் திறந்திருந்தாள். விளம்பர மேலாளர் பக்கத்தில் நின்று வேறொரு படத்துக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வேலை பார்த்தாள். வாய் பேசியது, கை போயிற்று. அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்தும் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாகப் படவில்லை. அந்தக் கண்ணுக்கு இதுதான் மனித உடம்பு.

"நான்தான் பண்ணிருக்கேன்" என்றாள். "எனக்கே தெரியாம."

சிரிப்பு நின்றுவிட்டது. எதிரே மடிக்கணினியில் அசல் படம் இருந்தது. அதைத் திரைக்குக் கொண்டுவந்தாள். அகலமான கைகளும் மடிப்பு விழுந்த நாடியுமாக அண்ணி திரை முழுக்க நின்றாள். "எங்க அண்ணி, என் பத்திரிகை, நானே போட்ட சட்டம். அப்பவும் என் கை என்னைக் கேக்கலை. அப்ப முகம் தெரியாதவங்களை என்ன பண்ணிருக்கும்? இந்தப் பத்திரிகை எதுக்குன்னு இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலைங்க."

முதலாளி கையை உயர்த்தினார். யோசனை பிடித்திருக்கிறது, உடனே தொடங்கலாம் என்றார். இஸ்திரி மூச்சு விடுவதற்குள், "ஆனா அட்டைக்கு அந்த முதல் படமே இருக்கட்டும்மா. அதுதான் எடுப்பா இருக்கு" என்றார். கேலி செய்யவில்லை. மனதாரப் பாராட்டினார். முன்வரிசையில் பலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இவ்வளவையும் காதால் கேட்டவர்கள்தான் அவர்கள். இஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் கூச்சம் இல்லை.

"அந்தப் படம்னா பத்திரிகை வேண்டாங்க" என்றாள்.

"அப்ப வேண்டாம்" என்றார் முதலாளி, இதமாகவே. அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

பேருந்தில் அண்ணிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அண்ணி அங்கே தன் பையை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றினாள். நாத்தனார் இஸ்திரி தன் கணினியில் தயார் செய்து கொடுத்த பரிசு அது. வருகிறவர்களெல்லாம் 'அப்ப எவ்வளவு அழகா இருந்திருக்கீங்க' என்பார்கள். அண்ணியும் அதை நம்பி, தான் அப்படி இருந்ததாகவும் பிறகு கெட்டுப்போனதாகவும் இத்தனை வருஷம் எண்ணியிருந்தாள்.

"இதுலயும் நான் இல்லையா?"

"இடுப்பு மட்டுந்தான் அண்ணி." சற்றுப் பொறுத்து, "கழுத்தும்" என்றாள்.

"அசல் இருக்கா?"

"இல்லை. அதுமேலயே சேமிச்சுட்டேன்."

அண்ணி படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். மணமகள் பக்கத்தில் அண்ணன் தொப்பையும் வழுக்கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க அண்ணனை?"

"அண்ணனைத் தொடலை."

"ஏன்?"

முகவர்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் அன்று அவளிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. அண்ணி நாற்காலியிலிருந்து இறங்காமல், படத்தைப் பிடித்தபடி, அந்தப் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.