மூன்று டிகிரி இருந்தும் கதவு எண் தெரியாத வீடு

நேற்று மத்தியானம் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டபோதுதான் எங்கள் குடும்பத்தின் லட்சணம் எனக்கே தெரிந்தது!

மாமனார் உப்பளத்திலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரர்தான் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அட்ரஸ் சொல்லுங்க சார்."

"மரக்காணம் மேடம்."

"மரக்காணத்துல எங்க சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் கொழுந்தன் பிரபுவைப் பார்த்தேன். பிரபு எங்கள் மாமியாரைப் பார்த்தான்.

(வீட்டில் ஒரு பி.இ., ஒரு எம்.காம்., ஒரு பி.எஸ்சி. அந்த எம்.காம். அடியேன்தான்.)

"லொகேஷன் அனுப்பறேன் மேடம், வாட்ஸப் நம்பர் குடுங்க" என்றார் எங்கள் வீட்டு பி.இ.

(பிரியாணிக்கு அனுப்பிப் பழகிய கை!)

"முதல்ல வாயால சொல்லுங்க சார். கதவு நம்பர் என்ன, தெரு என்ன?"

பிரபு வாசலுக்கு ஓடினான். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தான்.

"அண்ணி, நம்பரு டைல்ஸுக்கு உள்ள மாட்டிக்கிச்சு!"

பொங்கலுக்கு முன்னால் வாசல் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினோம். சுவரில் பெயிண்டால் எழுதியிருந்த கதவு எண் அசிங்கமாக இருக்கிறது, அதன் மேலேயே ஒட்டுங்கள் என்று சொன்னது இந்தப் பிரபுதான். இப்போது வீடு பளபளவென்று இருக்கிறது. எத்தனையாம் நம்பர் வீடு என்பதுதான் தெரியாது.

மாமியார் அழுதுகொண்டே சொன்னார்: "உப்பளக்காரர் வீடுன்னு சொல்லுப்பா, யாரக் கேட்டாலும் காட்டுவாங்க!"

"அம்மா, அந்த ஊர்ல பாதிப் பேரு உப்பளக்காரங்கதானுங்களே!" என்றார் போனில் இருந்த மேடம்.

பிரபு போனைப் பிடுங்கினான்.

"மேடம், சர்வே நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க. கிழமேல் நாப்பது அடி, தென்வடல் அறுபது அடி. வடக்கால வேப்பமரம்..."

"டேய், வேப்பமரம் என் பாகத்துல வருதுடா!"

சத்தியமாகச் சொல்கிறேன், இதைச் சொன்னது என் வீட்டுக்காரர். பெற்ற தகப்பன் தரையில் கிடக்கும்போது!

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இரண்டு வருடமாக இந்த வீட்டைப் பிரிப்பதில் சண்டை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டேப்பும் கையுமாக அளப்பார்கள். எந்தச் சுவர் எத்தனை அங்குலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். தபால்காரருக்குத் தெரிந்தது மட்டும் தெரியாது.

இதுகளை நம்பிப் பயனில்லை என்று நான் போனை வாங்கினேன். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். ஒரு நிமிடம் எனக்கே பெருமையாக இருந்தது.

"பொம்மையார்பாளையமா? இப்பதானே மரக்காணம்னு சொன்னீங்க?"

நான் சொன்னது என் அம்மா வீட்டு அட்ரஸ்!

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. ஆதாரில் இன்னும் அதுதான் இருக்கிறது. எந்த ஃபாரம் கொடுத்தாலும் கை தானாக அதைத்தான் எழுதும். அந்தம்மா மட்டும் திருப்பிக் கேட்காமல் இருந்திருந்தால் வண்டி நேராக அங்கே போயிருக்கும்.

அப்போது கீழேயிருந்து யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள்.

மாமா! போனைக் காட்டிச் சைகை செய்தார். வாயருகே கொண்டுபோனேன்.

"புது நம்பர் பதினேழு... பழைய நம்பர் எட்டு... தண்ணித்தொட்டித் தெரு..."

ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்குகிறது. பின்கோடு வரைக்கும் சொன்னார். அதோடும் விடவில்லை.

"தெருமுனையில பள்ளம் தோண்டி வெச்சிருக்குது... வண்டி பாத்து வரணும்..."

ரேஷன் கார்டு, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று வீட்டிலிருந்து போகிற எல்லா மனுவையும் அவர்தான் எழுதுவார். நாங்கள் கையெழுத்துப் போடுவதோடு சரி. எங்கே போடவேண்டும் என்று விரலால் காட்டுவதும் அவர்தான்.

நன்றாக மூச்சு விடுகிற நான்கு பேர் நின்று வேடிக்கை பார்க்க, மூச்சு விட முடியாத மனுஷர் அட்ரஸ் சொல்லித் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டார். அவமானமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

வண்டி வந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"அடைப்புதான். டைமுக்குக் கொண்டாந்துட்டீங்க, குட்!" என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் அடக்கமாகத் தலையாட்டினார். (குட்டாம்!)

இன்று காலை வார்டுக்குள் விட்டார்கள். மாமா தெம்பாக இருந்தார். மகன்கள் இருவரையும் கட்டில் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வீடு யாருக்குன்னு ரெண்டு வருஷமா என்னக் கொடையறீங்களே, முடிவு பண்ணிட்டேன்."

இருவர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்!

"எவன் என் வீட்டு அட்ரஸ ஒரு எழுத்து தப்பில்லாம சொல்றானோ, அவன் பேருக்கு எழுதறேன். சாயந்தரம் வரைக்கும் டைம்."

நேற்று அவர் வாயால் சொன்னதை இரண்டு பேரும் பக்கத்தில் நின்று கேட்டவர்கள்தான். ஒருவருக்கும் நினைவில்லை.

அடுத்த நிமிடம் இரண்டு பேரும் நர்ஸ் மேஜைக்கு முட்டி மோதிக்கொண்டு ஓடினார்கள்.

"சிஸ்டர், அப்பாவோட கேஸ் ஷீட்ட ஒரே ஒரு தடவ பாத்துக்கட்டுமா?"

"எனக்குக் காட்டுங்க சிஸ்டர், நான்தான் முதல்ல கேட்டேன்!"

அட்ரஸ் அதன் முதல் பக்கத்திலேயே இருக்கிறதே!

பாவம், அந்த சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"உங்க மாமனார் குடுத்து வெச்சவருங்கக்கா. ரெண்டு பசங்களுக்கும் அப்பா மேல எவ்ளோ பாசம்!"