அரை லிட்டர் டீசலுக்கு ஒரு நடை

காலையில் வீறாப்பாக பைக் செயினைக் கழற்றி வாளியில் போட்டேன். பிசுக்கெடுக்கப் பெட்ரோல் போதும் என்பது என் கணக்கு.

"வீட்டுக்குள்ள பெட்ரோலா? இங்கன அடுப்பு எரியுது!" என்றாள் மனைவி.

மண்ணெண்ணெயில் கழுவலாமென்றால், எங்கள் ரேஷன் கடையில் அது நின்று வெகுநாளாயிற்று.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி வழி சொன்னார். "டீசல்ல கழுவும்வே. அது பெட்ரோல் மாதிரி சட்டுனு பத்தாது."

பாட்டிலோடு பங்க்குக்கு நடந்தேன்.

"பாட்டில்ல தரமாட்டோம் அண்ணாச்சி. வண்டியக் கொண்டாங்க, டேங்க்ல ஊத்துதேன்" என்றார் அங்கிருந்த பெண்.

"என்னுது பெட்ரோல் பைக்கும்மா. செயினையும் கழத்திட்டேன்."

"அப்போ மாட்டிட்டு வாங்க."

சாயங்காலம் இதே பைக்கில் போக வேண்டிய கல்யாண வரவேற்பு. மனைவி பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டாள்.

பாளையங்கோட்டையில் டிராக்டர் வைத்திருக்கும் நண்பர்கள், அரை லிட்டர் டீசல் கிடைக்குமா என்று கமெண்டில் சொல்லுங்கள். பாட்டிலோடு நானே வருகிறேன். நடந்துதான்.