அம்மா ஏறும் ஒரே வண்டி

அடையாறு மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போக வேண்டிய காலையில்தான் வண்டிக்கு அடியில் குளம் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் வாசல் தெளித்த தண்ணீர் எங்கள் பக்கம் ஓடி வந்துவிட்டது என்று நினைத்து அவர்களைத் திட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதற்கு ஓர் ஆள் வேண்டும். பிறகு குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரலில் மஞ்சளாக ஒட்டியது. அதற்குமேல் யாரையும் திட்ட வழியில்லை.

அந்த மஞ்சள், சமையல் மஞ்சள் தூள்தான். ரேடியேட்டரில் எங்காவது ஒழுகினால் ஒரு கரண்டி மஞ்சள் தூளைக் கொட்டி எஞ்சினை ஓடவிடுவது அப்பாவின் வைத்தியம். எந்த லாரிக்காரர் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாரோ தெரியாது. தூள் தண்ணீரோடு சுற்றிச் சுற்றிப் போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், ஒழுகல் நின்றுவிடும். அப்பா போன பிறகு வண்டி என் கைக்கு வந்தது, வைத்தியமும் கூடவே வந்தது. மாதச் சாமான் வாங்கும்போது சமையலுக்கு ஒரு பொட்டலம், வண்டிக்கு ஒரு பொட்டலம். கடைக்காரர் எங்கள் வீட்டில் தினமும் விசேஷம் என்று நினைத்திருப்பார்.

அப்பா வாங்கும்போதே அது பழைய வண்டி. இப்போது அந்த ரகத்தை வின்டேஜ் என்கிறார்கள். மயிலாப்பூர் மாடவீதியில் நிறுத்தினால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது. நான் அதை விற்காமல் வைத்திருந்ததற்கு ஒரே காரணம் அம்மா. அவளுக்கு ஞாபகம் தப்பிச் சில வருஷங்களாகின்றன. அப்பா இறந்தது நினைவில் இல்லை, காலையில் சாப்பிட்டது நினைவில் இல்லை. ஆனால் அந்த வண்டியின் பின்கதவைத் திறந்தால் போதும், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். வேறு எந்த வண்டியிலும் ஏறமாட்டாள்.

குளிப்பாட்டும்போது அவள் மார்பில் என் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. எங்கள் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, அடையாற்றுக்குக் கூட்டிப் போய்ச் சதையெடுத்துச் சோதித்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள் என்றார். அதற்கான நாள்தான் அது. குளத்தைப் பார்த்த பதற்றத்தில் கால் டாக்சி கூப்பிட்டேன். அம்மா கேட் வரைக்கும் நல்லபடியாக வந்தாள். டாக்சியைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை எங்கேயோ கொண்டுபோய் விடப் பாக்கறா! யாராவது வாங்கோளேன்!"

தெருவே கூடிவிட்டது. கைத்தாங்கலாகத் தூக்க முயன்றேன். என் மணிக்கட்டைக் கடித்தாள். டிரைவர் என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பிரச்சனை வேணாம் மேடம்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். யாரோ ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை பிடிக்கிறவளைப் போல நான் நின்றேன். ஊசி போட்டு மயக்கி ஆம்புலன்சில் கொண்டு போகலாமா என்று டாக்டரைக் கேட்டேன். அவள் இதயம் இருக்கும் நிலையில் யோசிக்க வேண்டும் என்றார். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். ஆக, வண்டியைச் சரி பண்ணினால்தான் அம்மாவுக்கு வைத்தியம்.

மந்தைவெளியிலிருந்து மெக்கானிக் வந்தார். அப்பா காலத்திலிருந்து வருகிறவர். எதையும் ரெண்டே நாளில் முடித்துவிடுவதாகச் சொல்வார், எதையும் முடித்ததில்லை. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரேடியேட்டர் இல்லக்கா. டம்மி பூட்ச்சி."

"டம்மின்னா?"

"எஞ்சின் பக்கவாட்டுல ரவுண்டா மூடி மூடியா கீது பாரு, அதான். துரு புட்ச்சிகினு கீது. விரலு வெச்சா உள்ள பூந்துடும்."

எஞ்சினை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை வெளியே எடுக்க வட்டமாக ஓட்டைகள் விட்டிருப்பார்களாம். பிறகு அவற்றைத் தகட்டு மூடியால் அடித்து அடைத்துவிடுவார்கள். உள்ளே ஓடும் தண்ணீர் வருஷக்கணக்கில் அரித்து அரித்து, தகடு அப்பளமாகிவிட்டது. "ரெண்டு நாளுக்கா" என்றார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய?

வேலை ஆரம்பித்த அன்றே அம்மா மாடியிலிருந்து வண்டியின் பானெட் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். தானாக இறங்கி வந்து, கதவைத் திறந்து, தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். மெக்கானிக் அப்போதுதான் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கியிருந்தார்.

"என்னடி, இன்னும் கிளம்பலையா? வெயில் ஏறிடுமே."

"பெட்ரோல் போடறாம்மா. நீ எறங்கி வா, நேரமாகும்."

"போட்டும். நான் இங்கயே இருக்கேன்."

மெக்கானிக் தலையை வெளியே நீட்டி, "மாமி, ஜாக்கி மேல நிக்குது வண்டி. கொஞ்சம் எறங்கிக்கோங்க மாமி" என்று கெஞ்சினார். அம்மா அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். அசையவில்லை. பஜ்ஜி என்றேன், கோவில் என்றேன், அப்பா கூப்பிடுகிறார் என்றுகூடச் சொன்னேன். கடைசியில் அவர் வண்டியைக் கீழே இறக்கிவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிப் போனாள். அந்த மத்தியானம் முழுக்க அப்படியே போயிற்று. அவள் ஏறிக்கொள்வதற்காகத்தான் வண்டியைப் பழுது பார்த்தோம், அவள் ஏறிக்கொண்டதால்தான் பழுது பார்க்க முடியவில்லை. சிரித்துவிட்டேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் அவள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது வேலை நடந்தது. புகைக்குழாயைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, டம்மியின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினார். தகடு ஒரு பக்கமாகத் திரும்பியது, குறட்டால் பிடித்து இழுத்தார். பின்னாலேயே சாம்பார் அடியில் தங்கிய மண்டி மாதிரி மஞ்சளும் துருவும் கலந்து கொழகொழவென்று வழிந்தது. அப்பா போட்டது, நான் போட்டது, எல்லாம். மெக்கானிக்குக் குஷி வந்துவிட்டது. தோட்டத்து ஹோஸ் பைப்பை உள்ளே விட்டு, நல்ல தண்ணீர் வருகிறவரை கழுவித் தள்ளினார். நானும் ஆசையாகக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, புது மூடிகளை வைத்து அடித்தார். தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டோம். பக்கவாட்டில் ஈரமே இல்லை. கை தட்டப் போனேன்.

அப்போது எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது. சொட்டவில்லை, கொட்டியது.

"பின்னாடி ஒரு டம்மி கீதுக்கா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அது இத்தனை நாள் ஒழுகலையே?"

"மஞ்சத்தூள்தான் அத்த அடச்சிகினு இருந்திருக்கு. நாம கழுவிட்டோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. 'நாம' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் குழாயைத் திறந்துவிட்டவள் நான். கியர் பாக்ஸை இறக்கினால்தான் அந்த மூடியைத் தொடவே முடியும் என்றார். இறக்கினார். கறுத்த இரும்புக் குடல்களாக அது வண்டிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. அந்த அளவு மூடி புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கவில்லை. கிடைத்தது சற்றுச் சிறிது; அடித்தால் உள்ளே விழுந்தது. எங்கேயோ சொல்லிவைத்திருக்கிறேன் என்றார். அதன்பிறகு போன் செய்தால் கிணற்றில் போட்ட கல்தான். நடுவில் மழை பிடித்துக்கொண்டது.

அந்த நாட்களில் நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. மருத்துவமனைக்குப் போன் பண்ணி வேறு தேதி கேட்பேன். பிறகு அதையும் மாற்றித் தரச் சொல்வேன். அம்மாவைக் குளிப்பாட்டும்போது சோப்பு போடுகிற சாக்கில் கட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும், மறுநாள் அப்படியே இருக்கிற மாதிரி இருக்கும். அவள் கூச்சத்தில் நெளிந்து, "விடுடி" என்பாள். வலிக்கிறதா என்றால், எது என்று கேட்பாள். ஆரம்பத்தில் தினமும் வண்டியை விசாரித்தாள். கிளம்பலாமா, பெட்ரோல் போட்டாச்சா என்று. அப்புறம் கேட்பது நின்றுவிட்டது. சொல்ல என்னிடம் பொய் தீர்ந்து போயிருந்ததால் அது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

கடைசியில் மூடி கிடைத்தது. கியர் பாக்ஸ் ஏறியது. நந்தனம் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பினேன். சிக்னலில் அத்தனை நேரம் நின்றும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுப் போனார். காலையில் எடுத்துப் பார்த்தேன்; காய்ந்த தாளாகவே இருந்தது. அன்றைக்கே மருத்துவமனையில் இடமும் கிடைத்தது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அழக்கூட அழுதேன்.

அம்மாவுக்கு அரக்குப் புடவை கட்டிவிட்டு, தலை வாரி, கைபிடித்துக் கீழே அழைத்து வந்தேன். வண்டியை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தேன். பின்கதவைத் திறந்தேன்.

அம்மா நின்றுவிட்டாள்.

"ஏறும்மா. கிளம்பலாம்."

"இல்லேம்மா, நான் வரலை" என்று மெதுவாகக் கையை உருவிக்கொண்டாள். கத்தவில்லை, தரையில் உட்காரவில்லை. "அவர் வந்துடுவார். எங்க வண்டியிலயே போய்க்கறேன்."

"இதுதாம்மா நம்ம வண்டி. அப்பா வண்டி. பாரு, உன் ஜன்னல்."

ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் பயம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் காட்டும் மரியாதைதான் இருந்தது. என் நெற்றியிலிருந்த வியர்வையைத் தன் தலைப்பால் ஒற்றிவிட்டாள்.

"நீ யாராத்துப் பொண்ணும்மா? எத்தனை நாழியா வெயில்ல நிக்கறே. உங்கம்மா தேடப் போறா. ஆத்துக்குப் போ."

"சரிம்மா" என்றேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போகிறவள் போலவே கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவள் உள்ளே போகும்வரை அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.