கடைசி வரிசையில் ஒரு கை

எடமலைப்பட்டி புதூரில் ஒரு கல்யாண மண்டபம். மைக் கட்ட வந்தவர், "பின்னாடி கேக்குதாங்க?" என்றதும் என் கை தானாக உயர்ந்தது.

எழுபதுகளில், மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த பழைய சங்கீத சபாவுக்கு அப்பாதான் மேனேஜர். மைக் வருவதற்கு முன்பே கட்டிய பெரிய அரங்கம் அது. கூரைப்பலகையை மாற்றினாலும் சரி, திரையை மாற்றினாலும் சரி, குரல் கடைசிவரை போகிறதா என்று பார்க்காமல் விடமாட்டார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவர் மேடையிலிருந்து சாதாரணமாகப் பேசுவார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்து பதில் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அம்மா இறந்த வருஷம் வீட்டில் அவர் பேச்சே நின்றுபோனது. புதுத் திரை மாட்டிய அன்று, வார்னிஷும் புறா எச்சமும் மணக்கும் காலி அரங்கில் வழக்கம்போல, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். கையைத் தூக்கினேன். புதுத் திரையின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு அதே குரலில் கேட்டார்.

"அம்மா நெனப்பு வருதாம்மா?"

கையைத் தூக்கினேன்.

"சரி, கேக்குது" என்று சொல்லிவிட்டு மேடை விளக்கை அணைக்கப் போனார்.

மண்டபத்தில் மைக் கட்ட வந்தவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கையை இறக்க எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.