பலகைக்கு மேலே ஐந்து படி

எழுபதுகளின் கடைசியில் என் கணவருக்குச் செய்யாற்றில் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதும் வேலை இருந்தது. காவாந்தண்டலத்துக்கு அருகே கரையில் சிமெண்ட் படிக்கட்டு கட்டி, அதன் ஓரமாக ஒரு இரும்புக் கம்பத்தில் பலகை அடித்திருந்தார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்புக் கோடுகள். அடியில் பூஜ்யம், உச்சியில் நாலு மீட்டர். காலையும் மாலையும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். வெள்ளம் வந்தால் மணிக்கொரு தரம். வருஷத்தில் எட்டு மாதம் அங்கே மணல்தான். ஊரில் அவரை 'மணல் அளக்கிறவர்' என்று கேலி செய்வார்கள். ஆனால் எங்களுக்கிருந்த துண்டு நிலத்தைவிட அந்த வேலையைத்தான் நம்பியிருந்தோம்.

ஒரு ஐப்பசியில் அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி, காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். லீவு எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம்.

"நீதான் எட்டாவது படிச்சிக்கிறியே. கோட்டப் பாத்து எழுது. எவன் வந்து கேக்கப் போறான்?" என்றார். எழுதினேன்.

ஆறாம் நாள் ஆறு பெருகியது. காலை எட்டு மணிக்கு மூன்றைத் தொட்டிருந்த தண்ணீர், பத்து மணிக்குப் பலகையை முழுக்க விழுங்கிவிட்டது. எங்கள் பகுதிக்கு ஒரு இளம் இன்ஜினியர் இருந்தார். வெள்ளத்தில் மட்டும் ஒரு அளவையும் விட்டுவிடக் கூடாது என்று வரும்போதெல்லாம் சொல்லுவார். ரெஜிஸ்டரில் இடம் காலியாக இருந்தால் என் கணவர் ஆஸ்பத்திரியில் இருப்பது வெளியே வந்துவிடும். தைரியத்தில் நான் எதையும் செய்யவில்லை, பயத்தில்தான் செய்தேன்.

நாலு படி சேர்ந்தால் ஒரு மீட்டர் என்று என் கணவர் எப்போதோ சொன்னது தெரியும். மாட்டுக் கயிற்றின் ஒரு முனையைக் கரைப் பனைமரத்தில் கட்டி, மறு முனையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த படியிலிருந்து கீழே இறங்கினேன். செம்மண் தண்ணீரில் காலே தெரியவில்லை. ஒவ்வொரு படியாகக் காலால் தடவி எண்ணினேன். ஐந்தாவது படியில், பலகை முடியும் இடமான கம்பத்தின் தலை என் பாதத்தில் தட்டியது. தண்ணீர் மார்புக்கு மேலே இருந்தது. முள்மரம் ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. எப்படி ஏறி வந்தேன் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ஏறியதும், பனையில் தண்ணீர் நின்ற இடத்தில் அரிவாளால் ஒரு வெட்டு வெட்டினேன். பலகையின் நாலு மீட்டரோடு ஐந்து படியைக் கூட்டி, ரெஜிஸ்டரில் ஐந்தே கால் என்று எழுதினேன். அதற்குமேல் ஏறாமல் வெள்ளம் வடியத் தொடங்கியது.

என் கணவர் குணமாகி வேலைக்குத் திரும்பியிருந்தார். மாசியில் இளம் இன்ஜினியர் வந்தார். முகம் சரியில்லை. ஆற்றின் குறுக்கே இரும்பு வடம் கட்டி, ஆள் உட்கார்ந்து போகத் தொட்டி தொங்கவிட்டு, வெள்ளத்தின் நடுவில் வேகத்தை அளக்க வழி செய்ய வேண்டும், உயரமான பலகை வேண்டும், தானே மட்டத்தைக் குறிக்கும் மெஷின் வேண்டும் என்று அவர் பணம் கேட்டு எழுதியிருந்தார். அதுவரை வாழைத்தண்டைத் தண்ணீரில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துத்தான் வேகத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மெட்ராஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த ஆறு நாலு மீட்டரைத் தாண்டினதே இல்லையாம். ஒரே ஒரு தடவை அஞ்சேகால்னு இருக்கு, அதை நம்ப முடியாதுங்கறாங்க. வேற ஆத்துக்காரங்களும் இதே பணத்தைக் கேக்கறாங்க. செவ்வாய்க்கிழமை பெரிய அதிகாரி வந்து பாத்து முடிவு பண்ணுவார்."

அவர் போனதும் பழைய ரெஜிஸ்டர்களைப் புரட்டினேன். எல்லா வெள்ளத்திலும் நாலு, நாலு, நாலு. பலகை முழுகியதும் என் கணவர் வீட்டில் உட்கார்ந்தே நாலு என்று எழுதியிருந்தார்.

"இன்னா பாக்கற? வாய மூடிக்கினு இரு. நான் பேசிக்கிறேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது. பெரிய அதிகாரி படிக்கட்டின் மேல் நின்று ரெஜிஸ்டரைப் பிரித்தார். நான் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு பனைமரத்தடியில் நின்றேன்.

"வருஷா வருஷம் நாலுதான். இங்க மட்டும் அஞ்சேகால். கையெழுத்தும் வேற மாதிரி இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான் சார்," என்றார் என் கணவர். "ஜொரம் சார், கை நடுங்கிச்சி. நாலுன்னு எழுத வேண்டியது, தப்பாப் பூடுச்சி."

இளம் இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி அந்த எண்ணை அடிப்பதற்குப் பேனாவைத் திறந்தார். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தேன்.

"அடிக்காதீங்க சார். நான் எழுதுனது அது."

எல்லோரும் திரும்பினார்கள். என் கணவர் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பனையிலிருந்த வெட்டைக் காட்டினேன். கயிறு, படி, கம்பத்தின் தலை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று.

மட்டம் பார்க்கும் மூன்று கால் கருவியை நட்டு, வெட்டுக்கு நேரே அளவுகோலைப் பிடித்தார்கள். இளம் இன்ஜினியர் இரண்டு முறை கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சு இருபத்தொண்ணு சார்!" என்று கத்தினார். நான் எழுதியதற்கு நாலு சென்டிமீட்டர்தான் குறைவு.

அதிகாரி என் கணவரிடம் போனார். "அப்போ நீங்க எதுக்கு ஒவ்வொரு தடவையும் நாலுன்னு எழுதினீங்க?"

அவருக்கும் அடக்கிவைத்திருந்தது வெடித்துவிட்டது. "பலகையே நாலு வரைக்கும்தான சார் கீது? அதுக்கு மேல எத்தப் பாத்து சார் எழுதறது?"

அதிகாரி மறுபடியும் பேனாவைத் திறந்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டு, அதைத் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது, "உங்க மேலயும் ரிப்போர்ட் எழுதாம இருக்க முடியாது" என்றார்.

மெமோ வந்தது. மூன்று மாதம் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "குடும்பத்த நடுத்தெருவுல வுட்டுட்ட" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு பேச்சில்லை. நான் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, ராஜகுளத்துப் பக்கம் அறுப்புக்குக் கூலிக்குப் போய்வந்தார். நான் செய்தது சரிதானா என்று எனக்கே தெரியாமல் போன நாட்கள் அவை.

ஒருநாள் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"தண்ணி எதுவரைக்கும் இருந்திச்சி?"

மார்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன்.

"கயிறு அறுந்திருந்தா?"

அவர் கையிலிருந்த மாட்டுக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். மறுநாள் கூலிக்குப் போகவில்லை. சாப்பிடும்போது என்னையும் உட்காரச் சொன்னார்.

வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த கோடைக்கு அடுத்த கோடை பணமும் வந்தது. மெஷின் வேண்டாமென்று அடித்துவிட்டார்கள். வடமும் தொட்டியும் ஏழு மீட்டர் பலகையும் கொடுத்தார்கள். அந்த வருஷ வெள்ளத்தில் இளம் இன்ஜினியர் தொட்டியில் உட்கார, என் கணவர் கரையிலிருந்து கைப்பிடியைச் சுற்றி அவரை நடு ஆற்றுக்கு அனுப்பினார். வடம் தொய்ந்து, தொட்டி தண்ணீருக்கு ஒரு முழ உயரத்தில் ஆடியது. மேலேயிருந்து வேரோடு ஒரு மரம் வந்துகொண்டிருந்தது.

"இழுங்க! இழுங்க!" என்று கூட்டம் கத்தியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். ஆபரேஷன் செய்த வயிறாயிற்றே என்று நானும் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். தொட்டி ஒதுங்கவும் மரம் கடந்து போகவும் சரியாக இருந்தது.

இன்ஜினியர் கரையில் இறங்கினார். "நடு ஆத்து வேகம் கெடச்சிடுச்சு. எழுதிக்கோங்க" என்றார். என் கணவரின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார்.