மேடம் காதில் விழுந்த ஓம்

பிதெல்லோ என்றால் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவன், கதவு பூட்டுபவன், நிலம் துடைப்பவன், பிழை நடந்தால் முதலில் கூப்பிடப்படுபவன். இத்தாலியின் பலெர்மோவில், வெளிநாட்டுப் படையினரின் பிள்ளைகள் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இந்தப் பெரிய பதவியை ஒன்பது வருடம் வகித்தேன். அங்கே பிள்ளைகள் நிலைப்பதில்லை. தகப்பனுக்கு மாற்றல் வந்தால் பாதிப் பாடத்தில் பெட்டி கட்டுவார்கள்.

நான் சேர்ந்த முதல் மாதம் டிரில் வந்தது. தீ விபத்துக்கு ஒத்திகை. நான் மணி அடித்ததும் எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். காரணமில்லாமல் வராத பிள்ளையின் தகப்பனுடைய கமாண்டருக்குக் கடிதம் போகும். தகப்பன்மார் குண்டுக்குப் பயந்தார்களோ தெரியாது, அந்தக் கடிதத்துக்குப் பயந்தார்கள்.

அன்று கெல்லி என்ற பதினைந்து வயதுப் பிள்ளையைக் காணவில்லை. தலைமையாசிரியையை நாங்கள் மேடம் என்போம். அவர் பட்டியலும் கையுமாக வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "கெல்லி எங்கே? உமக்குத் தெரியுமா?"

அவள் மேல்மாடி ஸ்டோருக்குப் போனதைக் கண்டிருந்தேன். பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் ஆம் என்பதற்கு, "ஓம், ஓம்" என்றேன்.

மேடம் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். தெரியும் என்கிறேன், எங்கே என்று கேட்காமல் போகிறாரே என்று யோசித்தேன். பெரிய இடத்து முறை இதுவாக்கும் என்று துடைப்பத்தோடு நின்றேன். சற்று நேரத்தில் கெல்லியின் தாய் அழுதபடி ஓடிவந்தார். வாசலில் இரண்டு சிப்பாய்கள்.

கன்டீனில் சமைக்கும் யோகம் அக்காதான் என்னைப் பிடித்தார். "தம்பி, நீர் அவவுக்கு என்னத்தைச் சொன்னனீர்?"

"ஓம் எண்டு சொன்னனான். பிள்ளை மேல்மாடி ஸ்டோரிலை இருக்குது."

"கெட்டுது போ! இஞ்சத்தை ஆக்கள் 'ஹோம்' எண்டுறதையும் 'ஓம்' எண்டுதானே சொல்லுறவை? பிள்ளை வீட்டை போயிட்டுது எண்டெல்லோ மேடம் எழுதி, வீட்டுக்குப் போனும் எடுத்தவ. வீட்டிலை ஆளில்லை எண்டு தாய் துடிக்குது. ஓடும் மேலை!"

ஓடினேன். கெல்லி பழைய வரைபடங்களுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். அன்று மாலை ஜப்பானுக்குப் பயணம். அங்கே சேரப்போவது அவளுக்கு ஆறாவது பள்ளிக்கூடம். தன்னைக் காணாவிட்டால் விமானத்தைத் தவறவிடுவார்கள் என்று நினைத்தாளாம். இத்தாலியனில் அதைச் சொல்லும்போதுதான் கடிதம் அவளுக்கு நினைவு வந்தது. "அப்பாவுக்குக் கடிதம் போகுமா?" என்று விம்மினாள். அவளைக் கீழே கூட்டிக்கொண்டு வந்தேன்.

கீழே மேடம், "டிரில்லுக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்டார். கெல்லி வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். உள்ளே பாராமல் நான்தான் ஸ்டோரை வெளியால் பூட்டிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

மேடம் என்னை உற்றுப் பார்த்தார். "வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தா பூட்டினீர்? அதனால்தான் ஹோம் என்றீரா?"

யோகம் அக்கா ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"யெஸ், மேடம்" என்றேன். அந்த ஒரு மாதத்தில் நான் தெளிவாகப் பேசிய முதல் ஆங்கிலம் அந்தப் பொய்தான்.

கெல்லி மாலையில் ஜப்பானுக்குப் போனாள். கவனக்குறைவு என்று எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகாதவன் நான். இன்னொரு கடிதம் வந்திருந்தால் வேலை போயிருக்கும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் கேள்விக்கு முழு வசனத்தில் பதில் சொல்லப் பழகுங்கள். மற்றது, அந்தப் பிள்ளைகள் தகப்பனின் வேலைக்காகத் தங்கள் கூட்டாளிகளைத் திரும்பத் திரும்ப விட்டுக் கொடுப்பவர்கள். அவர்களில் ஒருத்திக்காக ஒரு தரம் உங்கள் வேலையை விட்டுக் கொடுக்க நேர்ந்தால், கணக்குப் பார்க்காதீர்கள்.